முன் அச்சின் முனகல்: கீழக்கரைப் பக்கத்துப் பட்டறை ஒன்றைப் பற்றி

கீழக்கரையிலிருந்து ஏர்வாடிக்குச் செல்லும் வழியில், கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி, பனைமரங்களுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. ஜீப்புகளும் பிக்கப் வண்டிகளும் முன்சக்கரம் கழற்றப்பட்டு நிற்பதை வைத்துத்தான் அது பட்டறை என்று தெரிந்துகொள்ள வேண்டும். உரிமையாளர் தம் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அந்தப் பக்கத்தில் எல்லோரும் அழைப்பது போல நானும் அவரைக் காக்கா (அண்ணன்) என்றே குறிப்பிடுகிறேன். என் வண்டியில் ஏழு மாதமாக இருந்த ஒரு சத்தத்தை அவர் இரண்டரை மணி நேரத்தில் கண்டுபிடித்தார். பழுதை நீக்கியதற்குக் கொடுத்த கூலியை விட, எது எது பழுதில்லை என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கழித்துக்கொண்டே வந்ததற்குக் கொடுத்த ஐந்நூறு ரூபாயைத்தான் நான் நன்றாகச் செலவழித்த பணமாக எண்ணுகிறேன்.

என்னுடையது நான்கு சக்கர இயக்கம் கொண்ட டீசல் பிக்கப். ஆறு ஆண்டுகளில் 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பெரியபட்டினத்திலிருந்து மாரியூர் வரை உள்ள கரைகளில் கடற்பாசி வாங்கி மொத்த வியாபாரியிடம் சேர்ப்பது என் தொழில். தார்ச்சாலை முடிந்து கரையைத் தொடும் கடைசி இருநூறு, முந்நூறு மீட்டர் மணலுக்காகத்தான் எனக்கு முன்சக்கரங்களின் உதவி வேண்டும். மற்ற நேரமெல்லாம் பின்சக்கரங்கள் மட்டும் வண்டியைத் தள்ளும் ‘டூ ஹை’ நிலையில்தான் ஓட்டுகிறேன். இந்த விவரம் பின்னால் முக்கியமாகும்.

வண்டி புறப்பட்டுப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் அடியிலிருந்து ‘ஓய்ங்’ என்று ஒரு முனகல் தொடங்கும். இருபத்தைந்தில் நன்றாகக் கேட்கும். முப்பத்தைந்தைத் தாண்டினால் காதில் விழாது. நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவருக்கு இது ஒரு பொருட்டாகவே இருக்காது. வேகத்தடைகளும் ஆடுகளும் சூழ்ந்த ஊர்த் தெருக்களில் நாள் முழுக்க இருபதிலும் முப்பதிலும் ஊர்ந்துகொண்டிருக்கும் எனக்கோ அது பெருந்தொல்லை. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது போல, நான் தெரு முனையில் திரும்பும்போதே வீட்டில் உலை வைத்துவிடுவார்கள்.

காக்காவிடம் போவதற்கு முன்பு இரண்டு இடங்களில் காட்டியிருந்தேன். முதலாவது இடத்தில், முன்சக்கர பேரிங்குகள் தேய்ந்துவிட்டன என்று சொல்லி இரு பக்கமும் மாற்றி 5,400 ரூபாய் வாங்கினார்கள். சத்தம் இம்மியளவும் குறையவில்லை. இரண்டாவது இடம் சற்றுப் பெரியது. தூக்கியில் ஏற்றி, நான்கு சக்கரங்களையும் இயக்கிவிட்டு, அடியில் நின்று கேட்டவர்கள், ஓசை நடுவிலிருந்து வருவதாகவும் எஞ்சினின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பகிரும் டிரான்ஸ்ஃபர் பெட்டியை இறக்கி உள்ளே இருக்கும் சங்கிலியையும் பேரிங்குகளையும் மாற்ற வேண்டும் என்றும் கூறி 86,000 ரூபாய் மதிப்பீடு கொடுத்தார்கள். அவர்கள் ஏமாற்ற நினைத்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஏன் தவறினார்கள் என்பதைக் காக்காவே பின்னர் விளக்கினார்.

கேட்டுச் சொல்வதற்கு ஐந்நூறு ரூபாய், வேலை இங்கேயே செய்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்பது அந்தப் பட்டறையின் வழக்கம். நான் மதிப்பீட்டுத் தாளை நீட்டியபோது அவர் அதை வாங்கிப் பார்க்கவில்லை. “இப்ப எதையும் கழட்ட வேணாம் தம்பி, மொதல்ல ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்” என்று சொல்லிப் பின்னிருக்கையில் ஏறி, காலடி விரிப்பை விலக்கிவிட்டுத் தரைத்தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். அடுத்த அரை மணி நேரம் நான் ஓட்ட, அவர் சொல்லச் சொல்ல நான் செய்தவற்றை எழுதினால், இதே போன்ற சத்தம் உள்ள யாருக்கும் பயன்படும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

இருபத்தைந்தில் போகும்போது கிளட்ச்சை மிதித்து கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவரச் சொன்னார். எஞ்சின் வேகம் இறங்கியது, முனகல் இறங்கவில்லை. ஆக, எஞ்சினோடு சுற்றும் ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டீயரிங் பம்ப், டர்போ ஆகியவை குற்றவாளிகள் அல்ல. அதே இருபத்தைந்தை இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலும் பிடிக்கச் சொன்னார். இரண்டிலும் ஒரே சுருதி. எனவே கியர் பெட்டியின் முன்பகுதியும் தப்பித்தது. பிறகு ஆளில்லாத நேர்ச்சாலையில் வண்டியை இடமும் வலமுமாக மெதுவாக அலைக்கழிக்கச் சொன்னார். வலப்பக்கம் வளைத்தால் பாரம் இடச்சக்கரத்தின் மேலும், இடப்பக்கம் வளைத்தால் வலச்சக்கரத்தின் மேலும் சாயும்; சக்கர பேரிங் கெட்டிருந்தால் ஒரு பக்கம் சாயும்போது ஓசை கூடி, மறுபக்கம் சாயும்போது குறையும். இங்கே எந்த மாற்றமும் இல்லை. முதல் பட்டறைக்கு நான் கொடுத்த 5,400 ரூபாய்க்கு இந்த ஒரு நிமிடச் சோதனை ஈடாகியிருக்கும் என்பதை நினைக்கும்போது இன்றும் வயிறு எரிகிறது. கடைசியாக, தார்ச்சாலையிலிருந்து சிமெண்ட் சாலைக்கு இறங்கினோம். டயரின் ஓசையாக இருந்தால் சாலை மாறும்போது அதுவும் மாற வேண்டும், மாறவில்லை.

மிச்சம் இருந்தவை டிரான்ஸ்ஃபர் பெட்டி, அங்கிருந்து சுழற்சியை முன்னும் பின்னும் கொண்டுசெல்லும் இரண்டு ஜாயிண்ட் ராடுகள், அதை இருபுறச் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் முன், பின் கிரௌன் பெட்டிகள். பட்டறைக்குத் திரும்பி வந்து வண்டியை நான்கு தாங்கிகளில் ஏற்றி நிறுத்தி, டூ ஹையில் இருபத்தைந்து வேகத்துக்கு ஓட்டினார். பின்சக்கரங்கள் சுழன்றன, முன்சக்கரங்கள் அசையாமல் நின்றன, முனகல் அறவே இல்லை. பாரம் இல்லாமல் சுற்றுவதால் இதை மட்டும் நம்பி முடிவு கட்டக்கூடாது என்று அவரே எச்சரித்தாலும், தரையில் கேட்கும் ஓசை தூக்கி நிறுத்தினால் கேட்கவில்லை என்பது என்னை யோசிக்க வைத்தது. தரையில் ஓடும்போது முன்சக்கரங்களும் உருளுகின்றன என்பதைத் தவிர வேறென்ன வித்தியாசம்?

அடுத்ததாக முன்பக்கத்து ஜாயிண்ட் ராடை இரு முனைகளிலும் நான்கு நான்கு போல்ட்டுகளாக அவிழ்த்துக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மறுபடியும் சாலைக்குப் போனோம். முனகல் அப்படியே இருந்தது. ராடு கழன்ற பிறகு டிரான்ஸ்ஃபர் பெட்டியின் முன்பக்கச் சங்கிலி சுழல வழியே இல்லை. ஆகவே 86,000 ரூபாய் மதிப்பீடு அந்த இடத்திலேயே காலாவதியானது. இரண்டாவது பட்டறைக்காரர்களுக்கு ஓசை நடுவிலிருந்து வந்ததாகத் தோன்றியதற்குக் காரணம், உள்ளீடற்ற குழாயாக இருக்கும் அந்த ராடுதான். முன்னால் எழும் ஓசையை அது நாதஸ்வரக் குழல் போல நடுப்பகுதிக்குக் கொண்டுவந்துவிடும் என்றார் காக்கா. அவர் காதை நேரடியாக நம்புவதில்லை. நீண்ட இரும்புக் கம்பியின் ஒரு முனையை ஒவ்வொரு பெட்டியின் மேலும் வைத்து மறுமுனையைக் காதருகே வைத்துத்தான் இடம் குறிக்கிறார்.

இனி வருவதுதான் எனக்குப் புதிதாக இருந்தது. டூ ஹையிலேயே விட்டுவிட்டு, ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி என்னையே கையால் சுற்றச் சொன்னார். அவர் டார்ச்சோடு அடியில் படுத்துக்கொண்டார். நான் சக்கரத்தைச் சுற்ற, கழற்றிய ராடு பொருந்தும், முன் கிரௌன் பெட்டியின் பினியன் (சிறு பற்சக்கரம்) முகப்பும் கூடவே சுற்றியது. டூ ஹையில் அது சுற்றவே கூடாது. இந்த வகை வண்டியில் முன்சக்கர ஹப்புக்குள் (சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்), சக்கரத்தை அச்சோடு பூட்டும் பல்வளையத்தைக் குழாய்வழி வரும் வெற்றிடம்தான் பிரித்து வைத்திருக்கிறது. வெற்றிடம் குறைந்தால் ஸ்பிரிங் தள்ளிப் பூட்டிவிடும். வேறு சில வண்டிகளில் இது நேர்மாறாக, வெற்றிடம் வந்தால்தான் பூட்டும். என் வண்டியில் இரு ஹப்புகளுக்கும் பிரிவதற்கு முன் உள்ள பொதுக் குழாய் உப்புக்காற்றிலும் வெயிலிலும் வறண்டு, ஒரு வளைவில் மயிரிழை அளவுக்கு வெடித்திருந்தது. குழாயை வளைத்துப் பிடித்தால்தான் வெடிப்பு தெரியும்; கையை எடுத்தால் மூடிக்கொள்ளும். அதன் விளைவாக இரண்டு ஹப்புகளும் எப்போதும் பூட்டிய நிலையிலேயே இருக்க, மணலில் மட்டும் சுற்ற வேண்டிய முன் கிரௌன் பெட்டி மாதக்கணக்கில் தார்ச்சாலையிலும் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. தற்காலிகமாக ஒரு புதுக்குழாயைச் செருகி ஹப்புகளை விடுவித்துவிட்டு மூன்றாம் முறையாக ஓட்டிப் பார்த்தோம். ஏழு மாதத்தில் முதன்முறையாக என் வண்டி ஊர்த் தெருவில் பேசாமல் போயிற்று. அதிக வேகத்தில் கேட்காததற்கும் விடை எளிது: முனகல் நிற்கவில்லை, டயரின் இரைச்சலிலும் காற்றிலும் மூழ்கிவிட்டது.

இத்தோடு நிறுத்திக்கொள்ளலாமே, குழாய்தான் மாற்றியாயிற்றே என்று கேட்டேன். முன் கிரௌன் பெட்டியின் அடித்திருகை அவர் கழற்றியதும் கேள்வியை வாபஸ் பெற்றுக்கொண்டேன். பாதியாக வெட்டிய தகர டப்பாவில் இறங்கிய எண்ணெய் பால் கலந்த தேநீரின் நிறத்தில் இருந்தது. திருகின் காந்த முனையில் இரும்புத்தூள் முள்ளம்பன்றி போலச் சிலிர்த்து நின்றது. அவர் ஒரு சொட்டை இரு விரல்களுக்கு நடுவே தேய்த்து, பிறகு என் விரலிலும் வைத்தார். எண்ணெயின் வழுவழுப்புக்கு நடுவே நறநறவென்று ஏதோ உறுத்தியது.

கடல்நீர் எப்படிப் போயிற்று என்பதற்கு அவர் சொன்ன காரணம் கரையோரத்தில் வண்டி வைத்திருக்கும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டியது. அச்சுப் பெட்டியின் தலைமேல் ப்ரீதர் என்ற சிறு காற்றுத்துளை இருக்கிறது. ஓடும்போது உள்ளே எண்ணெய் சூடாகிக் காற்று விரியும். அது வெளியேற வழி வேண்டும். என் வண்டியில் அந்தத் துளை உப்பும் மணலும் இறுகி அடைத்துக் கிடந்தது. முப்பது கிலோமீட்டர் ஓடிச் சூடான அச்சோடு நேராகக் கரைக்குப் போய், ஈரப்பாசி மூட்டைகளை ஏற்றுவதற்காக வண்டியை அலை தொடும் இடம்வரை பின்னால் இறக்குவது என் பழக்கம். குளிர்ந்த நீர் பட்டதும் உள்ளே காற்று சுருங்கும். துளை அடைபட்டிருப்பதால், எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையமான ஆயில் சீலின் உதட்டு வழியாகக் கடல்நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். பெட்டியைப் பிரித்தபோது பினியனின் முன் பேரிங்கில் உள்ள உருளைகள் அம்மை வார்த்தது போலக் குழி விழுந்திருந்தன. நகத்தை ஓட்டினால் தட்டுப்பட்டது. கிரௌன், பினியன் பற்கள் நல்லவேளையாகத் தப்பியிருந்தன.

பழுதுபார்த்த விதத்தில் ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். புதிய பேரிங்குகளைப் பொருத்தும்போது பினியனை எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் இந்த வேலையின் உயிர் இருக்கிறது. தளர்ந்தால் மறுபடியும் முனகும், மிஞ்சினால் பேரிங் வெந்துபோகும். காக்கா பினியன் முகப்பில் ஒரு நைலான் கயிற்றைச் சுற்றி, அதன் நுனியில் மீன் நிறுக்கும் வில் தராசை மாட்டி, சீராக இழுத்தார். முகப்பு சுழலத் தொடங்கிய பிறகு முள் காட்டும் எடையைத்தான் கணக்கில் கொள்வார். அசைவதற்கு முன் வரும் முதல் இழுப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மூன்று கிலோவில் முள் நிற்கும்வரை ஷிம் என்ற மெல்லிய தகட்டு வளையத்தை மாற்றி மாற்றி நான்கு முறை பிரித்துப் பூட்டினார். அதன்பின் கிரௌன் பற்களில் மஞ்சள் நிறப் பசையைப் பூசிச் சுற்றி, பினியன் பல் எங்கே தொட்டிருக்கிறது என்ற தடத்தை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பல்லின் நடுவில், நாவற்பழ அளவில் பசை வழிக்கப்பட்டிருந்தது. அடியிலோ நுனியிலோ பட்டிருந்தால் மறுபடியும் பிரித்திருப்பாராம்.

இந்தக் கைப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். தனுஷ்கோடியில் அரிச்சல்முனை வரைக்கும் 2017ஆம் ஆண்டு சாலை திறக்கப்படுவதற்கு முன்பு, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து வேன்களும் ஜீப்புகளும் மணலிலும் கடல்நீரிலும் புகுந்து பயணிகளை ஏற்றிச்சென்றன அல்லவா, அவற்றைப் பழுதுபார்த்துத்தான் தொழில் கற்றாராம். தினமும் உப்புநீரில் முங்கி எழும் வண்டிகளில் கெடாத பேரிங்கே கிடையாது என்று சிரித்தார். சாலை வந்தது, வேலை போயிற்று, ஊர்ப்பக்கம் வந்துவிட்டார்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். மதுரையிலிருந்து பேரிங் வர ஐந்து நாள் என்றார். எட்டு நாள் ஆயிற்று. இடையில் நான் ஆறு முறை அழைத்ததில் ஒருமுறைதான் தொலைபேசியை எடுத்தார். பாசி வாங்கும் பருவத்தில் எட்டு நாள் வாடகை வண்டி வைத்த செலவு பழுதுக்கூலியில் பாதியைத் தொட்டது. காலம் தப்பும் என்று ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் வேறு ஏற்பாடு செய்திருப்பேன். ரசீது கேட்டால்தான் தருகிறார், அதுவும் ஒரு நோட்டுத் தாளில். உட்கார ஒரு பழைய வேன் இருக்கையைத் தவிர வேறெதுவும் இல்லை. மணலைக் கிளப்பும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் அங்கே பெட்டியைப் பிரிப்பதை நினைத்து முதலில் பயந்தேன்; பிரிக்கும் வேலையை மட்டும் தார்ப்பாய் கட்டிய உள் அறையில், விடியற்காலையில், காற்று எழும் முன் செய்கிறார் என்பதைப் பார்த்த பிறகு அந்தக் குறையை விட்டுவிட்டேன்.

நான்கு சக்கர இயக்கத்தை மின்னணுப் பொத்தானால் மாற்றும் புதிய வகை வண்டிகளை அவர் தொடுவதில்லை. ஸ்கேனர் இல்லை என்று வாசலிலேயே சொல்லித் திருப்பி அனுப்புகிறார். நான் இருந்தபோது ஓர் இளைஞர், மணலில் ‘ஃபோர் லோ’ (நான்கு சக்கரங்களும் மெதுவாக, அதிக விசையோடு இயங்கும் நிலை) போட்டால் கியர் ஊளையிடுகிறது என்று வந்தார். அந்தப் பல் குறைப்பில் ஓசை எழுவது இயல்புதான் என்று சொல்லி, காசு வாங்காமல் அனுப்பினார். அதே இளைஞர் காய்ந்த தார்ச்சாலையிலும் நான்கு சக்கர இயக்கத்திலேயே ஓட்டுவதாகச் சொன்னதற்குத்தான் திட்டு விழுந்தது: வளைவில் முன்சக்கரங்கள் போகும் தூரம் வேறு, பின்சக்கரங்கள் போகும் தூரம் வேறு, மணல் வழுக்கி விட்டுக்கொடுக்கும், தார் விட்டுக்கொடுக்காது, முறுக்கமெல்லாம் பெட்டிக்குள் ஏறும்.

என் கணக்கு இது: பேரிங்குகள் 4,150, சீல் 480, கிரௌன் பெட்டிக்கு 80டபிள்யூ-90 எண்ணெய் 920, வெற்றிடக் குழாய் 260, கூலி 6,000, மொத்தம் 11,810 ரூபாய். அந்த ஐந்நூறைக் கழித்து மீதியைக் கொடுத்தேன். போகிறவர்கள் வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிர்க்க வேண்டும். தொழுகைக்குப் போனால் மூன்று மணிக்குத்தான் திரும்புவார். காலை எட்டு மணிக்கு, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே வண்டியைக் கொண்டுபோவது நல்லது. குளிரிலும் சூட்டிலும் ஓசை எப்படி மாறுகிறது என்று இரண்டையும் கேட்க விரும்புவார்.

வேலை முடிந்த அன்று, நான் கேட்காமலேயே, ப்ரீதர் துளையில் ஒரு ரப்பர் குழாயைப் பொருத்தி, அதை எஞ்சின் அறையின் சுவர்வரை மேலே ஏற்றிக் கட்டியிருந்தார். அலை தொடும் இடத்துக்கு வண்டியை இறக்குவதற்கு முன் பத்து நிமிடம் நிறுத்தி அச்சை ஆறவிடு என்றும் சொல்லியனுப்பினார். ஆறு மாதம் கழித்துப் போன வாரம் எண்ணெயை இறக்கிப் பார்த்தோம். தேன் நிறத்திலேயே இருந்தது. காந்தத்தில் விரலால் துடைத்தெடுக்கும் அளவுக்குக் கொஞ்சம் சாம்பல் நிறப் பசை, அவ்வளவுதான். எழுபதுக்கு மேல் இப்போதும் ஓர் இரைச்சல் கேட்கிறது. அது என் மணல் டயர்களுடையது, அதற்குத் தம்மிடம் வர வேண்டாம் என்று காக்கா அன்றே சொல்லிவிட்டார்.